பட்டு இழை சிக்காத மரம்

“சிக்கல. இன்னொண்ணு குடு.”

அத்தை வாயிலிருந்து இந்த மூன்று வார்த்தை வர எட்டு மாதம் காத்துக் கிடந்தேன்.

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகும் முன்பே கோர்வைத் தறியின் ஓரத்தில் உட்காரவைக்கப்பட்டு, தாத்தாவுக்குக் கரை நாடா எடுத்துக் கொடுத்தவர். காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம் என்றால் ஊடை இழை சுமக்கும் நாடா மூன்று ஓடவேண்டும். நெய்கிறவருக்கு இருப்பதோ இரண்டு கை. மூன்றாவது கை அந்தக் காலத்தில் வீட்டுப் பிள்ளையுடையது. அப்படி வளர்ந்தவரிடம் நான் மரத்தில் எதைச் செய்து கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணால் பார்க்கமாட்டார். இடுப்பில் செருகிய சுருக்குப் பையிலிருந்து ஒரு முழம் பட்டு இழையை எடுப்பார். மரத்தின்மேல் படரவிட்டு மெதுவாக இழுப்பார். எங்காவது ஒரு நார் மயிரளவு நிமிர்ந்திருந்தால் போதும், இழை நின்றுவிடும். “சிக்குது” என்பார். அதுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

அந்தப் பரீட்சையில் என்னைத் தேறவைத்த டிரம் சாண்டரைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு பீடிகை. என் மனைவி பொறாமைப்படும் அளவுக்கு நான் அதைப் பற்றிப் பேசுகிறேன் என்பது வீட்டில் நிலவும் குற்றச்சாட்டு. மறுக்கவில்லை. இப்போது உங்களிடமும் பேசப் போகிறேன்.

முதலில் ஜாதகம். நான் தச்சன் இல்லை. சின்னக் காஞ்சிபுரத்தில் மருந்துக்கடை. 2019இல் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினாரே, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அந்த 48 நாளும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எடுத்துக் கொடுத்தே என் கை ஓய்ந்துபோனது. வரிசையில் வாடி வதங்கி வந்தவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்ட கேள்வி ஒன்றுதான்: நாற்பது வருஷம் தண்ணீருக்கடியில் கிடந்த அத்தி மரம் எப்படிங்க உளுத்துப்போகாம இருக்கு? பக்தியாகவும் பதில் சொன்னேன், காற்றுப் புகாத நீரடியில் மரம் சீக்கிரம் கெடாது என்று விஞ்ஞானமாகவும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே மரப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்து வரதர் வெளியே வருவது 2059இல். என் பைத்தியம் அவ்வளவு பொறுக்கவில்லை. கடை பகலில் ஒன்றிலிருந்து நாலுவரை அடைப்பு. அந்த மூன்று மணி நேரமும் வீட்டின் பழைய தறிக்கூடத்தில்தான் இருப்பேன். தறிக்குழியைப் பலகை போட்டு மூடி, அதன்மேல்தான் என் பட்டறை.

நான் செய்வதெல்லாம் கையடக்கச் சாமான்கள். குங்குமப் பெட்டி, தாயக்கட்டைப் பெட்டி, தேநீர்க் கோப்பை வைக்கும் சின்னத் தட்டுகள். அதில் ஒரு கிறுக்கு. இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சேலையைத் தவிர வேறு சித்திரம் தெரியாது. அதனால் பாலும் பழமும் கட்டத்தை மரத்தில் கொண்டுவரப் பார்த்தேன். பாலுக்கு வெட்பாலை. சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடைவது இந்த மரத்தைத்தான். தந்தம் மாதிரி வெளுப்பு. பழத்துக்குப் பூவரசின் வைரம். இரண்டையும் சின்னச் சின்னச் சதுரமாக அறுத்து மாற்றி மாற்றி ஒட்டினால் கட்டம். ஓரத்தில் தாழம்பூ ரேக்கு வேண்டுமென்றால் பல்லுப் பல்லாக அறுத்து ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டவேண்டும். கோர்வை போடுவதுபோலவேதான்.

ஒட்டுவதுவரை எவனும் செய்துவிடுவான். பெவிகால் காய்ந்த பிறகு பார்த்தால் ஒரு சதுரம் ஏறி நிற்கும், பக்கத்துச் சதுரம் இறங்கி நிற்கும். இழைப்புளி பிடித்தால் அடுத்த தலைவலி. ஒவ்வொரு துண்டுக்கும் ரேகை ஒவ்வொரு பக்கம் ஓடுகிறது. ஒன்றுக்கு ஒத்துப்போகும் திசையில் தள்ளினால் அடுத்தது பிய்த்துக்கொண்டு வரும். சரி, உப்புத்தாளால் தேய்க்கலாம் என்றால் வெட்பாலை மெது, பூவரசு கெட்டி. விரலுக்கடியில் தாள் வளைந்து கொடுக்கிறது. மெதுவான மரம் சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகிறது, கெட்டி மரம் மேடாக நிற்கிறது. தேய்க்கத் தேய்க்கச் சித்திரம் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிடும். பராய் மரத்து இலையால் தேய்த்தே பளபளப்பு ஏற்றிய பழைய தச்சர்களை நினைத்துக் கும்பிடத் தோன்றியது. அவர்களுக்குக் கை இருந்தது. எனக்கு மாத்திரை எண்ணும் கைதான்.

டிரம் சாண்டருக்கு இந்தப் பாரபட்சம் எதுவும் கிடையாது. ஒரு கெட்டியான உருளை. அதன்மேல் உப்புத்தாள் சுற்றியிருக்கிறது. அது ஒரே இடத்தில் நின்று சுழல்கிறது. கீழே ஒரு மேசை. மேசைக்கும் உருளைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவு கனத்தில்தான் மரம் மறுபக்கம் வெளியே வரமுடியும். கெட்டி மரம், மெது மரம், ரேகை, கணு எதையும் விசாரிக்காது. ஏறி நிற்பதைச் சீவிவிடும். முதல்முறை என் கட்டத் தட்டு அதற்குள் புகுந்து வெளியே வந்தபோது, நூறு சதுரமும் ஒரே தண்ணீர்ப் பரப்புபோல் கிடந்தன. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது.

இறக்குமதி இயந்திரத்தின் விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்குக் காந்தி ரோட்டில் முகூர்த்தப் பட்டு எடுத்துவிடலாம் என்று தோன்றியது. மனைவிக்கும் அதே தோன்றியது. ஆகவே நானே கட்டினேன். அரை ஹெச்.பி. மோட்டார், நிமிடத்துக்கு 1440 சுற்று. 20 மில்லி மீட்டர் ஷாஃப்ட், இரண்டு பேரிங், ஒரு வி பெல்ட். உருளைக்கு 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் 100 மி.மீ. விட்டத்தில் இருபத்தைந்து வட்டம் அறுத்து, ஷாஃப்டில் வடை மாலை மாதிரி கோத்து, ஒட்டி இறுக்கினேன். நீளம் 300 மி.மீ. வந்தது. அத்தை எட்டிப் பார்த்து, “என்னடா இது, குடலை இட்லி மாதிரி” என்றார். வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை வைத்து அவிக்கும் இட்லி அச்சு அசலாக இதே வடிவம்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டிரம் சாண்டர் என்ற பேரே கிடையாது. “இட்லி ஓடுதா?” என்றுதான் கேட்பார்கள்.

உருளையை எப்படி மட்டமாக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். லேத் பட்டறைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். மேசைமேல் ஒரு தட்டைப் பலகை, அதில் 60ஆம் நம்பர் தாளை ஒட்டி, உருளையை வெறும் மரமாக ஓடவிட்டு, மேசையைத் துளித்துளியாக உயர்த்தவேண்டும். உருளையின் மேடெல்லாம் தேய்ந்து, கடைசியில் அந்த மேசைக்கு முழுக்க முழுக்க இணையாக நிற்கும். பிறகு வெல்க்ரோ ஒட்டி, எமரித் துணியைச் சுருள் சுருளாகச் சுற்றவேண்டியதுதான்.

மேசை ஒரு முனையில் கீல். மறுமுனையில் எட்டு மில்லி மீட்டர் போல்ட். அந்தப் போல்டை ஒரு சுற்றுத் திருகினால் முனை 1.25 மி.மீ. ஏறும், உருளை நடுவில் இருப்பதால் அதற்கடியில் ஏறுவது அதில் பாதி. போல்டின் தலையில் ஒரு மர வட்டம் வைத்து, கடிகாரம் மாதிரி பன்னிரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஒரு கோடு நகர்த்தினால் ஏறத்தாழ 0.05 மி.மீ. இரண்டு கோடு என்றால் ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். மரத்தில் ஜெராக்ஸ் தாள் கனத்தைக் கேட்டு வாங்கமுடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் மருந்துக்கடையே வைத்திருக்கமாட்டேன்! எங்கள் பக்கத்துத் தச்சருக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. அவருக்கு நூல்தான் சின்ன அளவு. தச்சு வழக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, மூன்று மில்லி மீட்டருக்குமேல். அத்தை அதைக் கேட்டுவிட்டு, “நூல் அவ்ளோ தடியாவா இருக்கும்?” என்று சிரித்தார். இந்த ஊரில் நூல் என்ற சொல்லுக்கு யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

உருளையின் பரப்பு நிமிடத்துக்கு 450 மீட்டர் ஓடுகிறது. ஆறு கஜச் சேலைக் கணக்கில் நிமிடத்துக்கு எண்பது சேலை நீளம். இந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

என் உருளைக்குக் கீழ்ப்பக்கம் என்னை நோக்கி ஓடுகிறது. மரத்தை நான் அதற்கு எதிராகத் தள்ளுகிறேன். அப்படித்தான் தள்ளவேண்டும். கூடவே ஓடும் திசையில் விட்டால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். பெரிய பலகை என்றால் எதிர்த்துத் தள்ளுவது சுகம். நாற்பது மில்லி மீட்டர்ச் சதுரத்தை ஒரு குச்சியால் தள்ளினேன் பாருங்கள், முதல் மாதத்தில்! அது மூக்கை நிமிர்த்தி, உருளையில் மாட்டி, என் காதோரம் விர்ரென்று பறந்து, பின்சுவரில் இருந்த நாட்காட்டியைத் துளைத்தது. சரியாகப் பிரதோஷத் தேதியில் ஓட்டை. நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. மூன்று நாள் பட்டறைக்குப் பூட்டு.

விலை கொடுத்து வாங்கும் இயந்திரங்களிலும் இதே கதைதான். உருளைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு அமுக்கு உருளைகள் மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைவிட மரம் குட்டை என்றால் பிடிக்க ஆளில்லை. இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைந்ததை விடாதே என்று சொல்லும் இயந்திரங்கள் உண்டு. நான் செய்வதில் பல அதற்கும் குட்டை.

விடை, துண்டுகளைச் சுமக்கும் ஒரு தட்டு. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது, கேலி செய்யாதீர்கள். ஒரு அடி நீளத்துக்கு 6 மி.மீ. ப்ளைவுட். என் பக்கத்து முனையில் குறுக்கே ஒரு தடுப்புச் சட்டம். உருளை மரத்தை என் பக்கம் தள்ளுகிறது அல்லவா, அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ள. அதன் உயரம் துண்டின் உயரத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் தண்டவாளம்போல இரண்டு நீளச் சட்டம். இவற்றின் உயரம் துண்டின் உயரமேதான். இவை துண்டுக்கு முன்னும் பின்னும் நீண்டு இருப்பதால், உருளை முதலில் தண்டவாளத்தில் ஏறும், பிறகு துண்டைத் தொடும், கடைசியில் தண்டவாளத்தில் இறங்கும். துண்டின் தலையும் வாலும் பள்ளம் விழாமல் தப்புவது இதனால்தான். தண்டவாளமும் கூடவே தேயும்; அதற்குக் கழிவு மரம் போதும், போகட்டும். நடுவில் இருபக்கமும் ஒட்டும் டேப் போட்டு, பன்னிரண்டு துண்டை வரிசையாக உட்காரவைத்து அமுக்கினால், நான் தள்ளுவது பன்னிரண்டு குட்டித் துண்டை அல்ல, ஒரே பலகையை. விரல் உருளையை நெருங்கவேண்டியதில்லை. முடிந்ததும் தோசைத் திருப்பியைக் கொடுத்து நெம்பினால் ஒவ்வொன்றாக வந்துவிடும். (அது வீட்டுத் தோசைத் திருப்பி அல்ல என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.)

தட்டைக் கொஞ்சம் சாய்வாகத் தள்ளுங்கள். நேராகத் தள்ளினால் தாளின் ஒரே பட்டை திரும்பத் திரும்ப அதே இடத்தில் தேய்ந்து, மரத்தில் கோடு போட்டுவிடும். நடுவில் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அந்த இடத்தில் கரிந்த பட்டை ஒன்று விழும், அதைப் போக்க மறுபடி அரை மில்லி மீட்டர் இழக்கவேண்டிவரும்.

எல்லாம் சரி, ஆனால் அத்தை “சிக்குது” என்று சொல்வது நிற்கவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு வெண்ணெய், இழைக்கு மட்டும் முள். 80ஆம் நம்பரில் மட்டமாக்கி, 120, 180 என்று ஒன்றையும் தாண்டாமல் போனேன். புதுத் தாள் மாற்றினேன். வெல்க்ரோ மாற்றினேன். எட்டு மாதத்தில் ஆறு மாதம் இதிலேயே போனது. கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிற்பங்களைக் காற்றும் மழையும் 1300 வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஊரில் பொறுமைக்குப் பஞ்சமில்லை என்றாலும், எனக்குத் தீர்ந்துகொண்டுதான் வந்தது.

காரணம் தாளும் அல்ல, உருளையும் அல்ல. வேகமாக ஓடும் தாள் நாரை எல்லாம் வெட்டிவிடுவதில்லை. சிலதைப் படியவைத்து அமுக்கிவிடுகிறது. அந்த நேரத்துக்கு மரம் பட்டுப்போல் தெரியும். காஞ்சியின் ஈரக்காற்றில் ஒரு இரவு கிடந்தால் படுத்த நாரெல்லாம் எழுந்து உட்காரும். ஆகவே நாமே முந்திக்கொள்ளவேண்டும். 180 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, நன்றாகக் காயவிட வேண்டும். நார்கள் நிமிர்ந்து நிற்கும். கையால் தடவினால் தாடி மாதிரி இருக்கும். இப்போது புது 180 தாளில், கடிகாரத்தில் ஒரே ஒரு கோடு ஏற்றி, ஒரே ஓட்டம். நின்றதெல்லாம் அறுந்துபோகும். அதன்பிறகு 220ஆம் நம்பர் தாளை மரக்கட்டையில் சுற்றி, ரேகையோடு கையால் பத்து இழுப்பு. உருளை விட்டுப்போன மெல்லிய கோடும் போய்விடும். அந்தத் துண்டைத்தான் அத்தையிடம் கொண்டுபோனேன். இழை வழுக்கிக்கொண்டு ஓடி, மறுமுனையில் தொங்கியது. பிறகு நடந்ததுதான் முதல் வரியில் இருக்கிறது.

சில்லறை விஷயங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம்; தாளை அடைத்துவிடும். பழைய கிரேப் ரப்பர்ச் செருப்பின் அடியை ஓடும் உருளையில் லேசாகக் காட்டினால் அடைத்த தூளெல்லாம் கழன்று தாள் புதிதாகிவிடும். வளைந்த சாமானுக்கு இந்த இயந்திரம் உதவாது. எதிர்வீட்டு நெசவாளர் ஒரு நாடா செய்து கேட்டார். அடிப்பாகத்தை மட்டமாக்கிக் கொடுத்தேன், மூக்கு வளைவுக்கு அரமும் கையும்தான். தூளை அலட்சியம் செய்யாதீர்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. உருளைக்கு மேல் மூடி, மூடியில் வாக்வம் குழாய், முகத்தில் என்95. விற்கிறவனே போடாவிட்டால் எப்படி?

கடைசியாக ஒன்று. அப்பா இறந்து பதினோரு வருஷம். அவர் தறியின் படைமரம் பரணில் கிடந்தது, தேக்கு. நெய்த சேலை சுற்றிக்கொண்டே வரும் மரம் அது, அவர் வயிற்றுக்கு நேராக இருக்கும். அத்தையிடம் கேட்டுவிட்டு ஒரு முழம் அறுத்தேன். பழைய மரம் என்றால் முதலில் காந்தம் வைத்துத் தேடுங்கள், நான் தேடவில்லை; உள்ளே இருந்த ஆணி ஒன்று புது எமரித் துணியைத் தலையிலிருந்து வால்வரை கிழித்துவிட்டது. வேறு துணி சுற்றி, மூன்று பக்கத்தையும் ஓட்டினேன். கரியும் எண்ணெயும் கஞ்சியும் ஏறிக் கறுத்திருந்த மரம் இரண்டே ஓட்டத்தில் பொன்னிறமாக விழித்தது. நாலாவது பக்கத்தை மேசையில் வைக்கப்போனபோது அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். சுருக்குப் பையைத் திறந்து இழையை எடுத்து அந்தப் பக்கத்தில் விட்டு இழுத்தார். எங்குமே நிற்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் பட்டு உரசிய பக்கம் அது. அதை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது அது என் பட்டறைச் சுவரில் சின்ன அலமாரிப் பலகை; உப்புத்தாள் நம்பர்களை அதன்மேல்தான் அடுக்கிவைத்திருக்கிறேன்.

படித்துவிட்டு மோட்டார் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். துண்டு சுமக்கும் அந்தத் தட்டை முதலில் செய்யுங்கள். மோட்டாரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.